ஒப்புதல் வாங்கிய படம்

போன வாரப் பத்தியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கோபமாக மெயில் அனுப்பியிருந்தார்.

குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில் முன்பு இருந்த பெண்கள் உடைமாற்றும் அறையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? ஓட்டுக்கூரை, பச்சைப் பெயின்ட் உரிந்த கதவு, சுவர் நெடுகத் தொங்கும் ஈரச் சேலைகள்... இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு போட்டோகூடப் போடவில்லையே, ஏன் என்று கேட்டிருந்தார். நெட்டில் தேடினால் கிடைக்காத படமா என்றும் ஒரு குத்தல்.

நியாயமான கேள்விதான். படம் கிடைத்தது. எழுத்துமூலம் ஒப்புதலும் கிடைத்தது. ஆனாலும் போடவில்லை. அந்தப் படத்தால் ஒரு பெண் பல வருடமாகக் கட்டிக் காத்துவந்த நிம்மதி போய்விட்டது.

இதை எழுதலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார் — ஊர், பேர் இல்லாமல். ஆகவே இதில் வரும் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. ஊர்களையும் கொஞ்சம் இடம் மாற்றியிருக்கிறேன். தேதி ஒன்றுகூட இருக்காது. இந்தப் பத்தியை வாசித்துப் பழகியவர்களுக்கு, தேதி இல்லாமல் எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அந்தப் பழைய அறையை இடித்துவிட்டார்கள். எந்த வருடம் இடித்தார்கள்? ஆளுக்கு ஒரு வருடம் சொல்கிறார்கள். டீக்கடைக்காரர் தன் மகள் கல்யாணத்தை வைத்துக் கணக்குச் சொல்கிறார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒரு வெள்ளத்தை வைத்துச் சொல்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. எனக்கு இது பொறுக்காது. தென்காசி வட்டாரத்தில் எது எப்போது கட்டப்பட்டது, எது எப்போது காணாமல் போனது என்று தொகுத்துக்கொண்டிருப்பவன் நான். வருடம் தெரியாத கட்டடம் ஒன்று இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு போட்டோ கிடைத்தால் தீர்ந்துவிடும். ஆனால் அருவிக்கு வருகிறவர்கள் எதைப் படம் எடுப்பார்கள்? அருவியை. தங்களை. குரங்கை. தட்டில் இருக்கும் பஜ்ஜியை. பெண்கள் உடைமாற்றும் அறையை யாராவது படம் எடுப்பார்களா? எடுத்தால் அடி விழும்!

ஆக, யாருடைய தோளுக்குப் பின்னாலாவது அது தற்செயலாக விழுந்திருந்தால்தான் உண்டு.

சரி, அப்படி ஒன்று கிடைத்தாலும் உடனே எடுத்துப் போட்டுவிட முடியாது. எங்கள் இணைய இதழின் ஆசிரியர் நிவேதா, சென்னையில் இருக்கிறார், என் மகள் வயது. படங்கள் விஷயத்தில் ரொம்பக் கறார். காரணம் உண்டு. முன்பு எங்கள் இதழில் எழுதிய ஒருவர் இருவாச்சிப் பறவையின் படம் ஒன்றைக் கூகுளில் எடுத்துப் போட்டு, அடியில் 'நன்றி: இணையம்' என்று எழுதிவிட்டார். படம் எடுத்தவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தப் பறவைக்காக அவர் காட்டில் அட்டைக்கடி பட்டுக் காத்துக் கிடந்த கதையெல்லாம் நோட்டீஸிலேயே இருந்ததாம்.

"இணையம்னு ஒரு ஆள் இருக்காரா சார், நன்றி சொல்றதுக்கு?" என்று என்னிடம் கேட்டார் நிவேதா.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு விதி. நாமே எடுத்த படமா, போடலாம். யாரும் பயன்படுத்தலாம் என்று எடுத்தவரே உரிமம் கொடுத்துவைத்த படமா, அவர் கேட்கிறபடி பெயர் போட்டுப் பயன்படுத்தலாம். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய படமா, அதற்கு ஆதாரம் வேண்டும். வேறு எதுவானாலும் உரிமையாளரின் கையெழுத்து. கையெழுத்து இல்லையா — படமும் இல்லை.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு இந்த விதி பிடித்திருந்தது. ஒரு தகவலுக்கு மூன்று பேரிடம் சாட்சி கேட்கிற ஆள் நான். படத்துக்கும் ஒரு சாட்சி இருப்பது நல்லதுதானே?

படம் பழக்கடையில் கிடைத்தது.

கோமதிநாயகம் அருவிச் சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறார். அதற்கு முன் சீசன் தோறும் அருவிக்கரையில் கேமராவோடு நின்றவர். குளிக்க வரும் குடும்பத்தை நிறுத்தி, அருவி பின்னால் தெரிய ஒரு படம். பாதிப் பணம் அட்வான்ஸ். குளித்துத் தலை துவட்டி வருவதற்குள் பிரிண்ட் தயாராக இருக்கும். மீதியைக் கொடுத்து வாங்கிப்போக வேண்டும். ஆள் மாறிவிடாமல் இருக்க பிரிண்டின் பின்பக்கம் பெயர், ஊர், போன் நம்பர்.

எல்லோரும் திரும்பி வர மாட்டார்கள். பஸ் கிளம்பிவிடும். பிள்ளை அழும். மறந்துபோகும். வராதவர்களின் படங்களை அருவிக்கரைப் போட்டோக்காரர்கள் தூர எறிவதில்லை. அதில் நன்றாக வந்தவற்றைத் தெர்மாகோல் அட்டையில் ஒட்டிச் சாம்பிள் போர்டாக மாட்டிவிடுவார்கள். அடுத்து வருகிறவர்கள் அதைப் பார்த்து, எங்களையும் இந்த மாதிரி எடுங்கள் என்று நிற்பார்கள். இப்படிப் பல சீசன்கள் யார் யாரோ அந்த போர்டுகளில் ஊருக்கே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

கோமதிநாயகத்தின் போர்டு இப்போது கடைக்குப் பின்பக்கம், பழத்தின் மேல் சாரல் அடிக்காமல் மறைத்துக்கொண்டு நிற்கிறது. மங்குஸ்தான் வாங்கப் போன நான் பழத்தை மறந்து அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

ஒரு இளம் தம்பதி. கல்யாணம் ஆன புதிது போல. அவர்களின் தோளுக்குப் பின்னால் ஓட்டுக்கூரை... பச்சைக் கதவு! அதற்கு மேலே சாரல் விழா பேனர். பேனரில் வருடம். முதல் மூன்று இலக்கங்கள் பளிச்சென்று தெரிந்தன. கடைசி இலக்கத்தை அந்தப் பெண்ணின் தலை மறைத்திருந்தது.

எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றிருக்கக் கூடாதா?

எரிச்சலை இங்கே மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அத்தனை நேரம் படத்தைப் பார்த்தேனே தவிர, அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. நம்ம எடுத்த படம்தான?" என்றார் கோமதிநாயகம். கையெழுத்துப் போடவும் தயார் என்றார்.

நிவேதா விடவில்லை. அவர் ஆர்டரின் பேரில் எடுத்தாரா, தானாக எடுத்தாரா? பணம் வாங்கினாரா? வக்கீலிடமும் கேட்டுவிட்டுச் சொன்னார்: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அதன் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். கேமராக்காரர் இல்லை.

இதைச் சொன்னதும் கோமதிநாயகம் சிரித்தார். "பட்டன அமுக்குனது நானு. படம் அவனுக்கா? அவன் பாதி ரூவாதான் குடுத்தான். அப்பம் பாதிப் படத்துக்குத்தான் அவன் ஓனரு."

பிரிண்டைப் போர்டிலிருந்து உரித்துத் தந்தார். பின்பக்கம் எழுத்து மங்கியிருந்தது. தங்கராஜ். ராயகிரி. ஒரு போன் நம்பர். (தங்கராஜும் இல்லை, ராயகிரியும் இல்லை. அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.)

இத்தனை வருடம் கழித்து அந்த நம்பரில் யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். மரியாதையான குரல். என்ன படம், எப்போது எடுத்தது என்று அவருக்கு முதலில் பிடிபடவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அனுப்பினேன். எப்படி அனுப்பினேன்? நல்ல ஸ்கேனரில் ஸ்கேன் செய்து, மங்கிய நிறத்தைச் சரிசெய்து, அந்தப் பெண்ணின் கன்னத்தில் விழுந்திருந்த ஈரக்கறையையும் பொறுமையாக நீக்கி, படிக்கிற வாசகர் குறை சொல்லாத மாதிரி. கூடவே ஒப்புதல் படிவம்.

இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. வெகுநேரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. ஏதோ விசேஷ வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி ஒரு உற்சாகம்.

"போடுங்க சார். நல்லாப் பெருசாவே போடுங்க. அவ பேரயும் போட்டுருங்க."

பெயர் சொன்னார். இனிஷியல் சொன்னார். அப்பா பெயர், பிறந்த ஊர்... நான் கேட்காததையெல்லாம் சொன்னார். பெயரை அடித்துத் தேடினால் கூகுளில் இந்தப் படம் வருமா என்று கேட்டார். படவிளக்கத்தில் பெயர் இருந்தால் வர வாய்ப்பு உண்டு என்று நான் விளக்கமாக எடுத்துச் சொன்னேன். கிராமத்து மனிதருக்கு இணையத்தில் இவ்வளவு ஆர்வமா என்று ஆச்சரியம் வேறு. அன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்ட படிவம் வந்து சேர்ந்தது. நான் வருடக்கணக்காகப் பதிலுக்குக் காத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. இப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை.

சந்தோஷத்தில் நன்றி சொல்லக் கூப்பிட்டேன். சம்பிரதாயமாக, வீட்டம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் பெயரும் வருகிறதே என்றேன்.



"அவகிட்ட என்ன கேக்க? ரூவா குடுத்தவன் நான்லா?" என்றார். அப்புறம் மெதுவாக, "அவ தென்காசிப் பக்கம் எங்கியோதான் இருக்கா சார். எங்கன்னுதான் தெரியமாட்டேங்கு. உங்க படம் வரட்டும். எவனாவது வந்து சொல்லுவாம்லா" என்றார்.



நிவேதாவிடம் சொன்னேன். காப்புரிமைப்படி எல்லாம் சரியாக இருக்கிறது சார், ஆனால் இந்தப் படம் நமக்கு வேண்டாம் என்றார் அவர். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கட்டுரை படம் இல்லாமல் வரட்டும் என்று முடிவு செய்தோம். நல்லவேளை, கேட்டோம்... கேட்டதால்தானே தெரிந்தது? அன்று இரவு அப்படி நினைத்து நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

படம் எங்களிடம் மட்டுமா இருந்தது?

கட்டுரை வெளியான பிறகு ஒரு காலையில், இலஞ்சியில் எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு. மின்தடை அறிவிப்புக்கும் குட்மார்னிங் ரோஜாவுக்கும் நடுவில். மேலே சிவப்பு எழுத்தில் 'காணவில்லை'. கீழே நான் சுத்தம் செய்த முகம்.

தங்கராஜ் தன் பாதியை வெட்டிவிட்டிருந்தார். அந்தப் பெண்ணை மட்டும் பெரிதாக்கியிருந்தார். கறை இல்லை, மங்கல் இல்லை. மனநிலை சரியில்லாத மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டார், தென்காசி சுற்று வட்டாரத்தில் பார்த்தவர்கள் இந்த நம்பருக்குச் சொல்லவும், மனிதாபிமானம் உள்ளவர்கள் பகிரவும்.

எங்கள் தெருவில் மனிதாபிமானத்துக்குப் பஞ்சமா? கைகூப்பும் படங்களாக வந்து விழுந்தன. செங்கோட்டை குரூப்புக்கு அனுப்பிவிட்டேன் என்றார் ஒருவர். கோயில் குரூப்புக்கும் போட்டாயிற்று என்றார் இன்னொருவர். தயவுசெய்து யாரும் பகிர வேண்டாம் என்று நான் எழுதினேன். உடனே எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, பாவம் புருசங்காரன் தேடுதாம்லா?"

காரணத்தை எழுதினால் அதுவும் பரவும். எழுதாவிட்டால் படம் பரவும். பாதி டைப் செய்து அழித்தேன்.

மறுநாள் கோமதிநாயகம் கூப்பிட்டார். கடையில் ஒரு பெண் வந்து நிற்கிறார், படத்தை வாங்கிப்போனது நீங்கள்தான் என்று சொல்லிவிட்டேன், உடனே வாருங்கள் என்றார். யாரென்று நான் கேட்கவில்லை.

நான் போனபோது அவர் பழத்தட்டுகளுக்குப் பின்னால், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க். கையில் மடக்கிய குடை. படத்தில் இருந்ததைவிட ரொம்ப மெலிந்திருந்தார்.

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. ஃபார்வர்டைப் பார்த்ததும் சேலையை வைத்து எந்தப் படம் என்று கண்டுபிடித்துவிட்டாராம். அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தங்கராஜ் அடித்து இழுத்துக்கொண்டு போனதால் வாங்காமல் விட்ட படம். அப்படியென்றால் அது போட்டோக்காரரிடம்தான் இருந்திருக்க வேண்டும். அருவிக்கரையில் விசாரித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

"ஆல்பம், ஆதார் காப்பி, எல்லாத்தையும் அடுப்புல வச்சிட்டுத்தான் சார் அந்த வீட்ட விட்டு வந்தேன்," என்றார். "தேடுதவன் கையில எம் மூஞ்சி இருக்கக் கூடாதுன்னு. இத்தன வருசம் அவனுக்கு எம் மூஞ்சி கெடைக்கல. நீங்க கொண்டு குடுத்துட்டிய."

கோமதிநாயகம்தான் எனக்காகப் பேசினார்.

"சாரு எல்லாம் முறையாத்தாம்மா செஞ்சாவ. கையெழுத்துகூட வாங்கிருக்காவ."

"யாருகிட்ட?"

கோமதிநாயகம் ஒரு பழத்தை எடுத்துத் துடைத்தார். துடைத்த பழத்தையே மறுபடியும் துடைத்தார்.

"அவன்கிட்டயா? அவன் மூஞ்சிக்கு அவன் கையெழுத்துப் போடட்டும். எம் மூஞ்சிக்கு அவன் யாரு போட?"

சட்டத்தில் எந்தப் பிரிவு என்பதுவரை எனக்குத் தெரியும். படித்துவைத்திருந்தேன். கேட்டவர் யார், பணம் கொடுத்தவர் யார், எடுத்தவர் யார் — மூன்று பேருக்கும் அதில் இடம் இருந்தது. படத்தில் நின்றவருக்கு ஒரு வரி இருந்ததாக ஞாபகம் இல்லை. அதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன என்று பின்னால் சொன்னார்கள். இருக்கட்டும். நாங்கள் தேடிப் போனது அவற்றை அல்லவே?

நிவேதாவைப் போனில் பிடித்து அவரிடம் கொடுத்தேன். சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம், வக்கீல் செலவு எங்கள் பொறுப்பு, நான் கிளம்பி வருகிறேன் என்று நிவேதா படபடவென்று பேசுவது வெளியே கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டார். "கம்ப்ளைன்ட்ல இப்ப இருக்க அட்ரஸ் எழுதணுமா மேடம்?"

எழுத வேண்டும், ஆனால் அதை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார் நிவேதா. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டார்.

முந்தின நாள் அவருடைய வீட்டுச் சொந்தக்காரம்மா போனை நீட்டி, இது நீதானா என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மா நம்பிய மாதிரி தெரியவில்லை.

அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே, நல்லவர்கள் என்றால் புரிந்துகொள்வார்களே என்றேன்.

"நல்லவியதான் சார். அதான் பயம். புருசன் பொஞ்சாதிய சேத்து வச்சிருவோம்னு அவனுக்குப் போன் போட்டுருவாவ."



பையில் வைத்திருந்த பிரிண்டைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். எத்தனை சீசன் இதை மாட்டிவைத்திருந்தீர்கள் என்று கோமதிநாயகத்திடம் கேட்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, நல்லா வந்த படம்மா அது என்றார். உண்மையிலேயே நன்றாக வந்த படம்தான். அன்றுதான் நான் அந்த முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

பிரிண்டை இரண்டாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். என் போனில் இருப்பதையும் அழிக்கச் சொன்னார். அவர் பார்க்கவே அழித்தேன். கேலரியில் அழித்தேன். மெயிலில் அழித்தேன். கடைசியாகத் தங்கராஜுக்கு அனுப்பிய மெசேஜ். அதை விரலால் அழுத்திப் பிடித்தேன். நாள் கடந்துவிட்டதால் எல்லோருக்கும் நீக்குகிற வசதி போயிருந்தது. 'எனக்கு மட்டும் நீக்கு' என்ற ஒரே ஒரு வழியைத்தான் போன் காட்டியது. அவரும் எட்டி அதைப் படித்தார். "சரி, அதையாவது அமுக்குங்க" என்றார்.

அமுக்கினேன்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். அவரிடம் நான் வாங்கிய முதல் ஒப்புதல். ஊர் பேர் இல்லாமல் எழுதுங்கள், போட்டோ கேட்டு அலைகிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றார்.

நிவேதா இப்போது எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: படத்தில் அடையாளம் தெரியும்படி இருப்பவர்களிடம் தனித்தனியாகக் கேட்டாயிற்றா? படத்தை யாருக்கும் அனுப்புவதற்கு முன்பே இதற்குப் பதில் எழுத வேண்டும். நல்ல வரி. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது — ஒரு ஆள் அடிபட்ட பிறகுதான் நாம் ரோட்டில் வேகத்தடை போடுகிறோம். அடிபட்டவருக்கு அதனால் என்ன லாபம்?

அன்று அவர் எழுந்தபோதுதான் ஸ்டூலுக்கு அடியில் இருந்த பெரிய பையைக் கவனித்தேன். பக்கத்தில் இன்னொரு பை. யோசிக்கிறேன் என்று நிவேதாவிடம் சொன்னவர், ஏற்கெனவே யோசித்து முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, குடையை விரித்து, இரண்டு பைகளையும் ஒரே கையில் தூக்கினார். நாங்கள் தூக்கித் தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். சாரல் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது.

"எந்த ஊரு பஸ்ஸும்மா..." என்று ஆரம்பித்தார் கோமதிநாயகம்.

நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். தெரிந்துவிட்டால் நான் குறித்து வைத்துவிடுவேன்.